வெளியே பூட்டிய வீடு

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையிலேயே புழுதி. ஆடிக்காற்று இன்னும் அடங்கவில்லை. மாடியில் காயப்போட்ட கமலாவின் பாவாடை பறந்து பின்வீட்டு முருங்கை மரத்தில். எடுக்கப் போகவில்லை. போனால் யாருடையது என்று கேட்பார்கள். கமலா சென்னையில் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் ஆகிறது. சென்னையில் இருப்பவளின் பாவாடை மதுரையில் எப்படிப் பறக்கும்?

ஆபீஸ் கிளம்புமுன் தினமும் பார்க்க வேண்டியது:
காஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவுக்குள்.
தீப்பெட்டி, அரிவாள்மனை, பினாயில் மூன்றும் பரணில்.
பின்கதவுத் தாழ்ப்பாளில் கம்பி முறுக்க.
தெருப்பக்க ஜன்னல் சாத்த. ரேடியோ போட. சத்தம் கொஞ்சம் கூட.
தட்டில் இட்லி, சொம்பில் தண்ணீர்.
பிறகு வெளியே பூட்டு. பூட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க.

மதியம் ஒன்று பத்துக்கு வந்தேன். தல்லாகுளத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்தான். சாத்திய ஜன்னலைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரா. அவள் பிறந்த வீட்டு பாஷை. பொங்கலிலிருந்து தமிழ் ஒவ்வொரு சொல்லாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாதத்தோடு முழுக்கப் போய்விட்டது. என் விண்ணப்பங்களில் சந்திப்பிழை திருத்திக் கொடுத்தவள். இப்போது "ஏங்க" என்பது மட்டும் எப்போதாவது வருகிறது.

எனக்கு அந்த பாஷையில் பத்துச் சொல் தெரியும். பானி என்றால் தண்ணீர். தண்ணீர் கேட்கவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சோறு ஊட்டிவிட்டு மறுபடி பூட்டிக் கிளம்பினேன்.

என் மூக்குக்கண்ணாடிக் காது உடைந்திருக்கிறது. நூல் கட்டியிருக்கிறேன். மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வெயில். குழாயில் தண்ணீர் வரவில்லை.

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் பிடித்துக்கொண்டார். "கமலாக்கா எப்ப சார் வாராங்க? வீடே வெறிச்சுனு இருக்கு."

"பேரனுக்கு உடம்பு சரியில்ல டீச்சர். வர நாளாகும்."

"நேத்து உள்ள ஏதோ பொம்பளப் பேச்சு கேட்டுச்சே."

"ரேடியோ."

"அதான் பாத்தேன். என்ன பாஷைன்னே தெரியல."

சிரித்தேன். சைக்கிள் மிதித்து மூலை திரும்பும் வரை முதுகு கூசியது. நல்ல பெண்மணி. கமலாவோடு பத்து வருடப் பழக்கம். பொய் சொல்ல வேண்டியவர்களில் அவர்தான் முதல் ஆள் என்று நினைத்தது நான்.

காரணம் எழுதி வைக்கிறேன். சித்திரை மாதம் ஒரு நாள் கமலா பாவாடையும் ரவிக்கையுமாகத் தெருமுனை டீக்கடை வரை போய்விட்டாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் என் காதுபட, "சாருக்குப் புருசன் வேல இப்ப ஆயா வேலயாப் போச்சு" என்றான். துண்டைப் போர்த்திக் கூட்டி வந்தேன். அவளைக் காப்பாற்றப் பூட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான்.

மாலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வசந்திக்குப் போன். மகள் கேட்டாள், "பாத்துக்கிற அம்மா ஒழுங்கா வருதாப்பா?" வருகிறாள் என்றேன். அப்படி ஒருத்தி இல்லை. வந்த இரண்டு பேரும் பத்து நாள் தாங்கவில்லை. மூன்றாவது ஆளை நான் தேடவேயில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

கத்தரிக்காய், சீரகம், குளியல் சோப்பு. சட்டைக்குப் பொத்தான் இரண்டு. ஆபீஸில் தணிக்கை. கண்காணிப்பாளர் ஒன்பதரைக்கே வரச் சொல்லியிருந்தார்.

சைக்கிள் பின் டயர் மெலிந்துவிட்டது.

எழுதாமல் மூடி வைத்துவிடலாம் என்று பார்த்தேன்.

காலை எட்டு மணி. சேலையை நனைத்திருந்தாள். மாற்றப் போனால் முந்தானையை விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதே வாக்கியம். அதே வாக்கியம். "சும்மா இரு கமலா, மணியாச்சு" என்றேன். தள்ளினாள். நகம் என் கழுத்தில் கீறியது. அடித்தேன். இடது கன்னம். ஒரு தடவை.

அழவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். சேலை மாற்றி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.

இருபத்தேழு வருடத்தில் இது முதல் அடி. அவள் யாரென்று அவளுக்கே தெரியாத காலத்தில் அடித்திருக்கிறேன்.

தணிக்கைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

டாக்டரிடம் மாதாந்திரப் பரிசோதனை. ஆட்டோவை வாசலை ஒட்டி நிறுத்தச் சொல்லி, தலையில் முக்காடு போட்டு ஏற்றினேன். தெருவில் யாரும் இல்லை.

டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார்.

"நிலைப்படியில இடிச்சுக்கிட்டா."

 மருந்துச் சீட்டை எழுதி முடித்து, இன்னொரு சின்னச் சீட்டு எடுத்தார். "ரெண்டாவது சனிக்கிழமை நாலு மணிக்கு இந்த ஸ்கூல்ல கூடுவாங்க. இந்த மாதிரி ஆளுங்கள வீட்ல வச்சுப் பாக்குறவங்க. போய்ட்டு வாங்க."

"எதுக்கு சார்?"

"நிலைப்படிக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

ஆகஸ்ட் 12, சனி

போனேன். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். வேறு எப்படிப் போவது?

ஐந்தாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரியவர்கள் ஒன்பது பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். போர்டில் யாரோ வாய்ப்பாட்டை அழிக்காமல் விட்டிருந்தார்கள். டீ, காராசேவு. நடத்துகிறவர் ஸ்டெல்லா. ஓய்வு பெற்ற நர்ஸ். குட்டையான உருவம், குரல் மட்டும் வார்டு முழுக்கக் கேட்கிற குரல்.

மேலூர்க்காரர் ஒருவர், விவசாயம், முதலில் பேசினார். "எங்காத்தாவக் கட்டில் கால்ல சேலத் துணியால கட்டிப் போட்டுட்டுத்தான் வயலுக்குப் போறேன். இல்லைன்னா கெணத்துப் பக்கம் போயிருது. என்ன செய்யச் சொல்றீங்க?"

யாராவது முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஸ்டெல்லா கேட்டது: "எம்புட்டு நேரம்? இறுக்கமாவா, தளர்வாவா? கால் வீங்குதா?" அவர் விரலால் அளவு காட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா, "கெணத்துக்குக் கம்பி வலை போட்டா கட்ட வேணாம்ல" என்றார். பிறகு வலை எங்கே கிடைக்கும் என்று பேச்சு போனது. மேலூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

என் முறை.

"என் சிநேகிதன் ஒருத்தன். அவன் சம்சாரத்துக்கு இந்த வியாதி. அவனால வர முடியல, விசாரிச்சுட்டு வரச் சொன்னான்."

ஐம்பத்துநாலு வயது. அரசாங்க உத்தியோகம். முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்று கொட்டாம்பட்டிக் காலனியில் மாலை போட்டு அழைத்துப் போன ஆள். நாக்கு கூசாமல் சொன்னேன்.

"சிநேகிதருக்கு எது ரொம்பக் கஷ்டம்?" என்றார் ஸ்டெல்லா.

"அந்தம்மா பேசுறது அவனுக்குப் புரியல. அது சௌராஷ்டிரா. இவன் தமிழ். தமிழ மறந்துருச்சு."

கம்பி வலை சொன்ன அம்மா நிமிர்ந்தார். பத்மாவதி, செல்லூர். வீட்டில் நாலு விசைத்தறி. கணவருக்கு இதே வியாதி, நாலு வருடம் பார்த்திருக்கிறார், போன கார்த்திகையில் இறந்துவிட்டார். "நானும் சௌராஷ்டிராதாண்ணே. அட்ரஸ் குடுக்கச் சொல்லுங்க, நான் வந்து பேசுறேன். பேச ஆளில்லாம எம்புட்டுத் தவிக்கிறாகளோ."

பேனாவும் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். தெருப் பெயரைச் சரியாக எழுதினேன். கதவு எண்ணைத் தப்பாக எழுதினேன்.  ஆபீஸில் எழுதுவது போலத் தெளிவான எழுத்து.

ஆகஸ்ட் 14, திங்கள்

வியர்வை. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது.

பதினொன்றரைக்கு ஆபீஸுக்குப் போன். எனக்கு என்று யாரும் கூப்பிடுவதில்லை. வசந்தியோ என்று பதறி ஓடினேன். ஸ்டெல்லா. ஆபீஸ் பெயரைக் கூட்டத்தில் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

"சார், பத்மாவதி காலையில அந்த அட்ரஸுக்குப் போயிருக்காங்க. டிபன் கேரியரோட. ஒரு மணி நேரம் தேடிட்டுத் திரும்பிட்டாங்க. நம்பர நான் பேரேட்டுல தப்பா ஏத்திட்டேன் போல. சிநேகிதர்ட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

சீட்டு என் கையெழுத்தில் இருக்கிறது. அவரிடம் இருக்கிறது. தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்.

"ஆமா, அப்படித்தான் இருக்கும். கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

எப்போதாவது நாலு சைக்கிள் போகும் எங்கள் தெருவில், வெயிலில், கையில் கேரியரோடு ஒரு பெண்மணி. என் வீட்டைத் தாண்டியும் போயிருப்பார். உள்ளே கமலா பேசிக்கொண்டிருந்திருப்பாள். ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தவன் நான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்று ஐந்துக்குத் தெருமுனை திரும்பினேன். என் வீட்டு வாசலில் கூட்டம். பதினைந்து பேர் இருக்கும். படியில் தண்ணீர் ஒழுகித் தெருவில் ஓடியிருந்தது. பூட்டு உடைந்து கீழே கிடந்தது. கதவு திறந்திருந்தது.

மூன்று நாளாகக் குழாய் காய்ந்து கிடந்தது. கமலா எப்போதோ திறந்து விட்டிருக்கிறாள். பதினொரு மணிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வீடு நிறைந்து கதவடியில் வெளியே வந்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து எதிர்வீட்டு டீச்சர் கதவருகில் வந்திருக்கிறார். இன்று அரை நாள் பள்ளி. உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது கேட்டிருக்கிறது. "யாரு?" என்று கேட்டதற்கு, தமிழே இல்லாத பேச்சு. அதற்கு நடுவில் ஒரு "ஏங்க". அந்தக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம். பக்கத்துப் பட்டறையிலிருந்து சுத்தியல் வாங்கி உடைத்திருக்கிறார்கள்.

டீச்சர் வீட்டு நாற்காலியில் கமலா. டீச்சருடைய சேலை. கால் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம், ஈரத் தரையில் ஒயரோடு. யாரோ மெயினை அணைத்திருக்கிறார்கள்.

டீச்சர் சத்தம் போடவில்லை. "சென்னையில இருக்காகன்னீங்களே சார்."

கூட்டத்தில் ஒரு குரல்: "பொண்டாட்டியப் பூட்டிட்டு ஆபீஸ் போயிருக்கான்யா." இன்னொரு குரல்: "போலீசுக்குச் சொல்லுங்கப்பா." டீச்சர் திரும்பி, "எல்லாரும் போங்க. போங்கன்னா போங்க" என்றார்.

நான் என்ன செய்தேன்? சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். பூட்டினேன். இரண்டு தடவை பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

தற்செயல் விடுப்பு. வீடு துடைத்தேன். அரிசிச் சாக்கு, பழைய போட்டோக்கள், பாய் எல்லாம் நனைந்துவிட்டன.

டீச்சரிடம் கமலாவை இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். கேட்கும்போது டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் "ம்" என்றது மட்டும்.

ஸ்டெல்லாவிடம் நின்றபடியே சொன்னேன். "சிநேகிதன்னு யாரும் இல்லங்க. என் சம்சாரம். கதவு நம்பர நான்தான் மாத்தி எழுதினேன். சரியான நம்பர எழுதிக்கங்க."

"உக்காருங்க" என்றார். நோட்டை எடுத்தார். "வீட்டுல இப்ப யாரு இருக்கா?" "பகல்ல யாரு?" "குளிக்க வைக்கிறது யாரு?" "நீங்க எத்தன மணி நேரம் தூங்குறீங்க?" வரிசையாகக் கேள்வி. அவர் கேட்பார் என்று நான் தயாராகப் போன கேள்வியை மட்டும் கேட்கவில்லை. ஏன் பூட்டினாய் என்று.

அடித்ததைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. பாய் இன்னும் காயவில்லை.

நாளை மறுநாளிலிருந்து ஏற்பாடு. பத்திலிருந்து பதினொன்று வரை டீச்சரின் மாமியார் வந்து உட்காருவார். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பத்மாவதி. பிற்பகலுக்கு ஸ்டெல்லா ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார், பயிற்சி எடுத்தவராம். இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் என்று இருந்தேன்.

பத்மாவதி வருமுன் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். அவர் கேட்பார். சேர்ந்து வாழ்ந்த இத்தனை வருடத்தில் அந்த பாஷை உங்களுக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று கேட்பார்.

டைப்ரைட்டிங் வகுப்பில் பழக்கம். கமலாவின் அப்பா ஜவுளிக் கமிஷன் வியாபாரம். நான் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே திரும்பித் தன் ஆட்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கமலாவிடம் கேட்டேன். கடைசி வரை சொல்லவில்லை. பதிவுத் திருமணம். அவர்கள் தலைமுழுகிவிட்டார்கள்.

வசந்தி பிறந்து ஏழாம் மாதம். ஆபீஸ் விட்டு வந்தபோது கமலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த பாஷையில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்தது. எனக்குள் அந்த வாசல் சிரிப்பு கேட்டது.

"இந்த வீட்டுக்குள்ள அந்த பாஷை வேணாம். என்னைய வெளிய நிறுத்தின பாஷை அது."

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவள் இரண்டாம் தடவை சொல்ல வைக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளையிடம் கூடப் பேசவில்லை. தூக்கத்தில் உளறினால்கூடத் தமிழ்தான். நான் அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பத்மாவதிக்காக இன்று அரை நாள் விடுப்பு. மூன்று நாளாக அவர் வருகிறார், நான் இன்றுதான் கூட இருந்தேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன், கதவு எண்ணுக்கு.

"தெரியும்ணே. உங்க தெருவுல அந்த நம்பரே இல்ல. பொய் நம்பர் யாரும் குடுப்பாகளா, தெருப் பேரு மாறியிருக்கும்னு அடுத்த ரெண்டு தெருவுலயும் பாத்துட்டுத்தான் போனேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

இருவரும் பேசினார்கள். கமலா கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒரு இடத்தில் இருவரும் சிரித்தார்கள். நான் சுவரோரம், என் வீட்டில், ஒரு சொல்லும் புரியாமல் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காது சூடானது.

அந்த ஒரு வாக்கியம் வந்தது. "அம்மா, இது. இதத்தான் எப்பவும் சொல்றா. சண்ட போடுறப்பக்கூட இதத்தான் சொல்றா. என்னது இது?"

பத்மாவதி கமலாவிடம் மறுபடி கேட்டார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"சொல்லுங்கம்மா."

"மடியில பிள்ள இருக்குன்னு நெனப்புண்ணே. பிள்ளட்டச் சொல்றாக. 'மெதுவாடி கண்ணு, இந்தப் பேச்சு பேசாத, அப்பா வார நேரம், அவருக்குப் பிடிக்காது.'"

சண்டை போட்ட அன்றும் அவள் சேலையைப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பிடித்திருந்தாள். நான் அடித்தேன். அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கு அடி விழுந்தது என்று அவள் நினைத்தாளோ அதற்குப் பொத்திக்கொண்டாள்.

பத்மாவதி கேட்கவில்லை. நானே சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்ததையெல்லாம். கேட்டுவிட்டு, "எங்க ஆளுங்க அப்பிடிப் பேசுவாகதான். பேசியிருப்பாக" என்றார். பிறகு, "ஆனா அக்கா என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.



ஆகஸ்ட் 27, ஞாயிறு

வசந்தி வந்தாள், குழந்தையோடு. ரயில் ஒன்றரை மணி தாமதம்.

எல்லாம் சொன்னேன். ஆயா இல்லாதது. பூட்டு. தண்ணீர். பாஷை. அவள் குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டே கேட்டாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"ஆறாவது படிக்கிறப்ப அம்மாட்டக் கேட்டேம்ப்பா, உன் பாஷையில எனக்கு நாலு வார்த்த சொல்லிக் குடும்மான்னு. எனக்கு மறந்து போச்சு கண்ணுன்னுச்சு."

பிறகு அறைக்குள் போய்விட்டாள். மாலை வரை என்னோடு பேசவில்லை. கமலா பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வசந்தி கேட்டுக்கொண்டே பக்கத்தில் படுத்துக் கிடந்தாள்.

பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்க வேண்டும். பழையது விரிசல்.

செப்டம்பர் 9, சனி

இரண்டாவது சனி. கமலாவோடு போனேன். தெரு வழியாக, நடந்து. அவளுக்கு ஊதாச் சேலை. டீக்கடையில் இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தேன் என எழுத ஆசை. நினைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். ஆனால் போனேன்.

அதே ஐந்தாம் வகுப்பு. மேலூர்க்காரர் கிணற்றுக்கு வலை போட்டுவிட்டாராம். ஆத்தா இப்போது கட்டப்படுவதில்லை, ஆனால் கோழிகளையெல்லாம் திறந்து விட்டுவிடுகிறதாம். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். எழுந்தேன். பெஞ்சில் முழங்கால் இடித்தது.

"இது என் சம்சாரம் கமலா. போன தடவ நான் சொன்ன சிநேகிதன் நான்தான். இவளப் பூட்டி வச்சிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அடிச்சேன். கன்னத்துல. அத யாருட்டயும் சொல்லல."

டாக்டரிடம் நிலைப்படி என்றதையும் சொன்னேன்.

பரவாயில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டெல்லா கேட்டார்: "அடுத்த தடவ கை ஓங்குமே, அதுக்கு முந்தி யாரக் கூப்பிடுவீங்க?"

"இனிமே ஓங்காது."

"ஓங்கும் சார். எல்லாருக்கும் ஓங்கும். யாரக் கூப்பிடுவீங்க? பேரச் சொல்லுங்க."

யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. முப்பது வருட உத்தியோகம், ஒரு பெயர் இல்லை.  பத்மாவதி, "என் பேர எழுதுங்கண்ணே" என்றார். மேலூர்க்காரர் அவர் ஊர்க் கடையின் போன் நம்பரைச் சொன்னார். "அம்புட்டுத் தூரத்துல இருந்து என்னத்தப் பண்ணப் போறேன், பேசவாச்சும் செய்யலாம்ல மாப்ள." என்னை விட வயதில் சிறியவர். மாப்ள என்றார்.

"எதிர்வீட்டுல யாரு?" என்றார் ஸ்டெல்லா.

"டீச்சர்."

"கேட்டீங்களா?"

இல்லை. அதைக் கேட்கத்தான் அதிக வெட்கம்.

செப்டம்பர் 13, புதன்

விடியக்காலைத் தூறல். தரை வழுக்கல்.

ஏழே முக்கால். குளிக்க வைக்கப் போனேன். முதல் சொம்புத் தண்ணீருக்கே கத்தினாள். இரண்டாவதற்குச் சொம்பைப் பிடுங்கி எறிந்தாள். என் நெற்றியில் பட்டது. கண்ணாடி விழுந்து ஒரு பக்கம் விரிசல். நூல் கட்டிய கண்ணாடி. என் வலது கை தூக்கியபடி இருந்ததைப் பார்த்தேன். எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை.

அவளை முக்காலியில் உட்கார வைத்தேன். துண்டைப் போர்த்தினேன். ஈர வேட்டியோடு தெருவைக் கடந்து டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"டீச்சர், அஞ்சு நிமிசம் வாரீங்களா. என் கை சரியில்ல."

அவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார், அடிபட்டிருக்கிறதோ என்று. பிறகு முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். ஒன்றும் கேட்காமல் தெருவைக் கடந்து போனார்.

நான் டீச்சர் வீட்டு வாசலிலேயே நின்றேன். தூறல். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், வெளிய நிக்கிறீங்க?" என்றார்.

"கமலாவ டீச்சர் குளிக்க வைக்கிறாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. அதான் வெளிய வந்துட்டேன்."

அவர், "ம், நனையாம நில்லுங்க" என்று போய்விட்டார்.

எதிரே என் வீட்டுக்குள் கமலாவின் கத்தல். பிறகு டீச்சரின் தமிழும் கமலாவின் சௌராஷ்டிராவும் மாறி மாறி. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்.

டீச்சரின் கணவர் பேப்பரோடு வாசலுக்கு வந்தார். அவர் பிள்ளைகள் இருவரும் யூனிபாரத்தில், தட்டோடு காத்திருந்தார்கள். அடுப்பில் இட்லிக் கொப்பரை பாதியில். அந்த வீட்டில் இன்று எல்லாருக்கும் தாமதம், என்னால். காரணம் சொல்லாமல் நிற்க முடியவில்லை.

"நான் இன்னைக்கு அவள அடிச்சிருப்பேன் சார். டீச்சர் வந்ததால அடிக்கல."

அவர் பேப்பரை மடித்தார். மடித்து முடிக்கும் வரை என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

"ரெண்டு ஈடு அவிச்சிர்றேன். உங்க வீட்டுக்கும் சேத்து. கமலாம்மாவுக்கு எத்தன?"

"மூணு" என்றேன்.